யார் சொன்னது

அது வக்கீலுங்க போற வழி தங்கச்சி. அங்க நின்னா சாயங்காலம் வரைக்கும் நின்னுக்கினே இருப்ப, ஒருத்தரும் இன்னா ஏதுன்னு கேக்க மாட்டாங்க. ஜெயிலுல ஆளப் பாக்க மனு போடற வரிசை இதுதான். வா, என் பின்னால நின்னுக்கோ. ஆதாரு எடுத்தாந்தியா? ஜெராக்ஸு? எதுத்தாப்புல கடை இருக்குது, அப்பறமா போய் எடு, நான் எடம் பாத்துக்கறேன். உள்ள இருக்கறது புள்ளையா, வூட்டுக்காரரா? புள்ளையா. தீர்ப்பு ஆயிடுச்சா? அப்ப தண்டனை பிளாக்குதான். என் புள்ளையும் அங்கதான் இருக்கான். லோகநாதன். லோகுன்னா எல்லாருக்கும் தெரியும்.

மொதல் தபா வர்றியா? மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. அழுவாத. நீ சீட்டு குடுத்தா உள்ள போயி உம் புள்ளைய கூப்பிடுவாங்க. அவன் கம்பி வலைக்கு அந்தாண்ட வந்து நிப்பான், நீ இந்தாண்ட நின்னு பேசலாம். பிஸ்கட்டு, பழம் இருந்தா பிரிச்சுப் பாத்துட்டு உள்ள அனுப்புவாங்க. அவ்வளவுதான். ஆனா வர்றதும் வராததும் அவன் இஷ்டம். வரமாட்டேன்னு சொன்னா இழுத்தாந்தா நிறுத்துவாங்க?

என் புள்ள வர்றதில்ல. எட்டு மாசம் ஆச்சு. பதினஞ்சு நாளைக்கு ஒரு தபா நான் வந்துக்கினுதான் இருக்கேன். பிஸ்கட்ட வாங்கிக்கறான், ஆள் வர்றதில்ல. என்மேல கோவம். பள்ளிக்கூடத்துல வயச கூட்டிப் போட்டுட்டேன்னு கோவம். வேற இன்னா இருக்குது கோவப்பட? இன்னிக்கு வருவான்னு நெனைக்கறேன். பாக்கலாம்.

எல்லாமே ஒரு வாத்தியாரு எழுதின தேதியால வந்தது தங்கச்சி. வேற ஒண்ணும் இல்ல.

நாங்க அப்ப சேம்பர்ல இருந்தோம். சேம்பர்னா செங்கல் சூளைதான். தை மாசம் போனா மழைக்கு முன்னாடிதான் ஊர் திரும்பறது. அங்க தார்ப்பாய் குடிசையிலதான் லோகு பொறந்தான், பங்குனி மாசம். செவ்வாக்கெழம பச்சையம்மாவுக்கு ஒரு ஆம்பளப் புள்ள. பச்சையம்மா எங்க ஊர்க்காரிதான், ஒண்ணா கல்லு அறுக்கறவ. அந்தப் புள்ளைக்கு ஜீவான்னு பேரு வெச்சா. வெள்ளிக்கெழம எனக்கு வலி வந்துடுச்சு. மேஸ்திரி வண்டி கல்லு ஏத்திக்கினு போயிருக்குது, ஆம்பளைங்க சூளை மேல இருக்காங்க. புள்ள பெத்து மூணு நாளு ஆனவ, எழுந்து வந்து எனக்குத் தொப்புள்கொடி அறுத்தா. நல்லவதான். இல்லன்னு சொல்லக் கூடாது.

ஊருக்கு வந்ததும் அவ நேரா கிராம ஆபீசுக்குப் போயி புள்ள பேர பதிஞ்சிட்டா. என்னையும் வாடின்னா. ஒரு சீட்டுக்கோசரம் ரெண்டு நாளு யாரு நிக்கறது? நான் போவல.

லோகுக்கு நாலு வயசு முடிஞ்சப்ப பள்ளிக்கூடத்துக்கு இட்டுக்கினு போனேன். சேத்துட்டா மத்தியானம் சோறு, முட்ட. நானும் நிம்மதியா வேலைக்குப் போவலாம். அஞ்சு முடியணும்னாரு வாத்தியாரு. லோகு நல்ல வளத்தி. கைய தலைக்கு மேல போட்டு அந்தாண்ட காதத் தொடுடான்னாரு. அப்பல்லாம் அதான கணக்கு, காதத் தொட்டா ஒண்ணாங்கிளாஸு. தொட்டுட்டான். நான் பின்னால நின்னு முழங்கைய லேசா தள்ளிவுட்டேன், அது வேற. பொறந்த தேதி இன்னாம்மான்னாரு. பங்குனிங்கன்னேன். அது ஒத்துவராதுன்னு அவரே மே பத்துன்னு எழுதினாரு, அதுக்கு முந்தின வருசத்து மே பத்து. பத்துப் பதினோரு மாசம் கூடிப்போச்சு. நான் கையெழுத்து போட்டேன். என் பேரு காசியம்மா, அஞ்சு எழுத்துதான், அழகா போடுவேன்.

ஜீவாவுக்கு கை எட்டல. அடுத்த வருசம் சேத்துக்கறேன்னு பச்சையம்மா திருப்பி இட்டுக்கினு போயிட்டா. நான்கூட கிண்டல் பண்ணேன். உம் புள்ள முட்ட துன்றதுக்குள்ள எம் புள்ள வாத்தியாரே ஆயிடுவான்டின்னு. அவ சிரிச்சா.

அதுக்கப்பறம் எல்லாத்துக்கும் அதே தேதிதான். ரேஷன் கார்டு, ஆதாரு, பத்தாங்கிளாஸ் சீட்டு, எல்லாம். அவன் பொறந்த நாளுன்னா மே பத்துதான், நானே பங்குனிய மறந்துட்டேன்.

நாங்க அப்ப சேம்பர விட்டுட்டு கூட்டுரோட்டுல வந்து இருந்தோம். எங்கூட்டுக்காரர் மட்டும் ஆந்திரா பக்கம் சூளைக்குப் போயி வந்துக்கினு இருந்தாரு. நான் ஒரு மெஸ்ஸுல பாத்திரம் கழுவுறேன். லோகு பெரிய பையனா ஆயிட்டான். கூட்டுரோட்டு பசங்க ஒரு செட்டு, ரயில்வே கேட்டு பசங்க ஒரு செட்டு. நீ கெத்தா நான் கெத்தான்னு எப்பப் பாத்தாலும் மொறைச்சுக்கறது. லோகு இந்த செட்டு. பச்சையம்மா வூடு கேட்டுக்கு அந்தாண்ட, அதனால ஜீவா அந்த செட்டு. அப்பவும் ரெண்டு பேரும் வழியில பாத்தா பேசிக்குவாங்க. எங்கூட்டுல வந்து சாப்பிட்டிருக்கான் அந்தப் புள்ள. மீன் கொழம்புன்னா அவனுக்கு உசுரு.

பதினெட்டு ஆவுதுன்னு பசங்க எல்லாம் சேந்து பஸ் ஸ்டாப்பாண்ட பேனர் வெச்சாங்க. எவ்வளோ பெருசு தெரியுமா? பதினாலு அடி. நடுவுல லோகு, ராஜா மாதிரி நாற்காலியில. கூலிங் கிளாஸ் போட்டுக்கினு சுத்தி பன்னண்டு பசங்க. மேல பதினெட்டுன்னு ஆள் ஒசரத்துக்குப் போட்டிருந்தாங்க. மேஸ்திரிங்க, கட்சிக்காரங்க மூஞ்சிதான் பேனர்ல பாத்திருக்கேன். எங்க வம்சத்துல ஒருத்தன் மூஞ்சி ரோட்டுல நின்னது அன்னிக்குத்தான். நான் கீழ நின்னு போட்டோ எடுத்துக்கினேன். கத்தியாலதான் கேக்கு வெட்டினானுங்க, அது இப்ப எல்லாப் பசங்களும் பண்றதுதான். எனக்கு ஊட்டிவுட்டான். அந்த மாதிரி ஒரு சந்தோஷம் எனக்கு கல்யாணத்துல கூட இல்ல, சத்தியமா சொல்றேன்.

நாலாம் நாளு. மத்தியானம் மெஸ்ஸ முடிச்சுட்டு பஸ்ஸ வுட்டு எறங்கறேன். ரோட்டுக்கு அந்தாண்ட பேனரு. பாத்தா எம் புள்ள மூஞ்சி குறுக்கால கிழிஞ்சு தொங்குது. அந்தக் கிழிசல ரெண்டு கையால புடிச்சுக்கினு ஜீவா நிக்கறான். என் கண்ணால பாத்தேன். அவனக் கூப்பிடல, கேக்கல. நடுவுல லாரியும் பஸ்ஸுமா போயிக்கினு இருக்குது, எப்படி கேக்கறது? நேரா வூட்டுக்குப் போயி படுத்துட்டேன்.

அன்னிக்கு சோறு ஆக்கல. லோகு வந்து இன்னாம்மான்னான். நான் திரும்பியே பாக்கல. ரெண்டு மூணு தபா கேட்டான். அப்பறம் சொன்னேன். நாலு ரோடு பாக்க உம் மூஞ்சியக் கிழிச்சுப் போட்டிருக்கான், நீ சட்டையில இஸ்திரி போட்டுக்கினு திரியறியேடான்னேன். யாருன்னான். ஜீவாதான்னேன். அவன் அப்படிப் பண்ணமாட்டாம்மான்னான். அப்ப நான் பொய் சொல்றேனா, பெத்தவள விட அவன் பெரியவனா ஆயிட்டானான்னேன். அவ்வளவுதான் தங்கச்சி. வெட்டுன்னா சொன்னேன்? நாலு பேர் முன்னால போயி கேளுடான்னுதான் சொன்னேன். ஒரு தாயா இருந்து அதுகூட சொல்லக் கூடாதா?

மறுநாள் மூணு மணிக்கு ஏரிக்கரைக்கு வரச்சொல்லி லோகு போன் பண்ணிருக்கான். இவங்க அஞ்சு பேரு. ஜீவா கிரிக்கெட்டு மட்டைய எடுத்துக்கினு வந்திருக்கான். வெளாடக் கூப்பிட்டாங்கன்னு நெனைச்சு வந்தான்னு போலீசுல எழுதினாங்க. மட்டைன்னா அதுவும் கட்டைதான? வெறுங்கையோட வரலயே. அத யாரும் பேசறதில்ல. பதினோரு வெட்டுன்னு டாக்டரு சொன்னாரு. அதுல எம் புள்ளது ரெண்டோ மூணோதான் இருக்கும். எது யாரு வெட்டினதுன்னு பிரிச்சு சொல்ல முடியாதுன்னு அவரே சொன்னாரு.

வரிசை நகருது, பைய தூக்கிக்கோ.

சாயங்காலமே அஞ்சு பேரையும் புடிச்சுட்டாங்க. மத்த நாலு பேருக்கும் பதினேழு. அதனால சின்னப் பசங்க கோர்ட்டு. கொஞ்ச நாளு இல்லத்துல வெச்சிருந்தாங்க, ஜாமீன்ல வுட்டாங்க, அப்பறம் என்னென்னவோ சொல்லி அனுப்பிட்டாங்க. ஒருத்தன் இப்ப போன் கடையில வேல பாக்கறான். என்னப் பாத்தா தலைய குனிஞ்சுக்கறான். எம் புள்ளைக்கு காகிதத்துல பதினெட்டும் அஞ்சு நாளும். அஞ்சு நாளு தங்கச்சி. பெரிய ஜெயிலு, பெரிய கோர்ட்டு.

வக்கீலு வயசுக்கு ஒரு மனு போட்டாரு. எலும்பப் படம் புடிச்சாங்க. பதினேழுலருந்து பத்தொம்பதுக்குள்ளன்னு எழுதிக் குடுத்துட்டாங்க, அத வெச்சு இன்னா பண்றது? வேற சாட்சி இருக்கான்னாரு வக்கீலு. பொறந்தப்ப கூட இருந்தவங்க யாருன்னா? அந்தக் கெழம, அந்த மாசம் சொல்றவங்க? ஒருத்திதான் இருக்காங்கய்யான்னேன். யாருன்னாரு. சொன்னேன். அவரு பேனாவ வெச்சுட்டு என்னப் பாத்தாரு. எப்படிம்மா போயி கேப்பீங்கன்னாரு.

ஏன், கேட்டா இன்னா? பதினாறாம் நாள் காரியம் முடியட்டும்னு இருந்துட்டுத்தான் போனேன், எனக்கும் மனுசத்தனம் இருக்குதுல்ல. பச்சையம்மா தரையில உக்காந்துக்கினு இருந்தா. தலைகூட வாரல. நான் எதுத்தாப்புல உக்காந்தேன். போனது போயிடுச்சு பச்சையம்மா, இருக்கறதயாச்சும் காப்பாத்திக் குடுன்னேன். நீ அறுத்த தொப்புள்கொடிடின்னேன். என்னிக்கி வரணும்னு மட்டும் கேட்டா. தேதிய சொன்னேன். சரி, எழுந்து போன்னா. அவ்வளவுதான். தண்ணிகூட குடுக்கல.

ஆனா வந்தா. கோர்ட்டுல கூண்டுல ஏறி நின்னா. வெள்ளிக்கெழம, பங்குனி மாசம், எம் புள்ள பொறந்த மூணாம் நாளு, நான்தான் கொடி அறுத்தேன்னா. எந்த வருசம்னாங்க. ஜீவாவோட பொறந்த சீட்ட எடுத்து நீட்டினா. இந்தப் பையன் யாருன்னு தெரியுமான்னு ஜட்ஜு கேட்டாரு. தெரியும், எம் புள்ளைய கொன்னவன்னா. அவனுக்காகவாம்மா சாட்சி சொல்றீங்கன்னாரு. வயசு கேட்டீங்க, வயசு சொன்னேன்னா. எறங்கிப் போயிட்டா.

நீயே சொல்லு. உண்மைய சொல்லத்தான வந்தா? அதுல கொன்னவன்னு ஒரு வார்த்தை எதுக்கு? இன்னும் கொஞ்சம் எறங்கி, சின்னப் புள்ளைங்க, ஐயா பாத்து செய்யணும்னு சொல்லியிருந்தா அவரு மனசு மாறியிருக்கும். சொல்லலயே அவ. எதிர்க்கட்சி வக்கீலு பள்ளிக்கூடத்து ரெஜிஸ்டர எடுத்தாரு, என் கையெழுத்தக் காட்டினாரு. அப்பறம் நான் பேனருக்கு கீழ நிக்கற போட்டோவக் காட்டினாரு. பெத்த தாயே பதினெட்டுக்கு கீழ நின்னு சிரிக்கறாங்கன்னாரு. மனு தள்ளுபடி. பெரிய வக்கீலுங்ககிட்ட மேல போனோம், அங்கயும் அதே ரெஜிஸ்டருதான்.

அதோட வுட்டாங்களா? கேசு நடக்கும்போது, ஜீவா பேனர கிழிச்சதாலதான் கோவத்துல நடந்துபோச்சுன்னு எங்க வக்கீலு சொன்னாரு. தண்டனை கொறையும்னு. அதுக்கு அவங்க ஒரு படத்தக் கொண்டாந்தாங்க. பஸ் ஸ்டாப்பாண்ட பேன்சி ஸ்டோர் இருக்குது, அதுல காமிரா வெச்சிருக்கானாம். கோர்ட்டுல டிவிய வெச்சு போட்டாங்க. வைக்கோல் ஏத்தின லாரி ஒண்ணு வருது. ரெண்டு பக்கமும் பிதுங்கிக்கினு வருது. பேனரு ரோட்டுப் பக்கமா சாஞ்சிருக்குதா, அப்படியே ஒரசிக் கிழிச்சுக்கினு போவுது. கொஞ்ச நேரம் ஒருத்தரும் இல்ல. அப்பறம் ஜீவா சைக்கிள்ல வர்றான். சைக்கிள நிறுத்தறான். கிழிஞ்சத தூக்கிப் புடிக்கறான். கீழ கெடந்த கம்பிய எடுத்து ரெண்டு பக்கத்தயும் சேத்து முறுக்கிக் கட்டறான். நிக்கல, மறுபடியும் அவுந்துடுது, மறுபடியும் கட்டறான். அந்த நேரத்துல ரோட்டுக்கு இந்தாண்ட பஸ்ஸு வந்து நிக்குது. எறங்கறவங்க காலு மட்டும் தெரியுது.

லோகு கூண்டுல நின்னுக்கினு டிவியப் பாத்தான். அப்பறம் என்னத் திரும்பிப் பாத்தான்.

அந்தப் படமெல்லாம் எவ்வளவு தூரம் நம்பறது தங்கச்சி? கறுப்பு வெள்ள. மூஞ்சி கூட சரியா தெரியல. சரி, கட்டினான்னே வெச்சுக்கோ. நான் பாத்தப்ப ரெண்டு கையும் கிழிசல்லதான இருந்துச்சு? அந்தாண்டருந்து பாக்கறவளுக்கு கிழிக்கறதுக்கும் கட்டறதுக்கும் இன்னா வித்தியாசம் தெரியும்? யாரா இருந்தாலும் அப்படித்தான் நெனைப்பாங்க. நீ நெனைக்க மாட்ட?

ஜீவாதான் கிழிச்சான்னு உனக்கு யாரு சொன்னதுன்னு ஜட்ஜு லோகுவக் கேட்டாரு. ஊர்ல பேசிக்கினாங்கன்னான். யாருன்னு பேர சொல்லுன்னாரு. ஞாபகம் இல்லன்னான். வெவரமான புள்ள. என்ன அதுல இழுக்கல.

வெளிய வந்தா, பச்சையம்மா படிக்கட்டாண்ட நிக்கறா. கோர்ட்டுக்கு வந்ததுலருந்து அன்னிக்குத்தான் அவளா வந்து எங்கிட்ட பேசினா. என் கையப் புடிச்சுக்கினு, உம் புள்ளைக்கு யாருடி சொன்னதுன்னா. சண்டை மாதிரி கேக்கல. ஒரு பொருள தொலைச்சவங்க கேப்பாங்களே, அது மாதிரி கேட்டா. எனக்கு இன்னாடி தெரியும்னேன். ஊர்ல யாருன்னா சொல்லியிருப்பாங்கன்னேன். அவ கைய வுடல. யாருன்னு தெரிஞ்சா சொல்லுடி, ஒண்ணும் பண்ணமாட்டேன், ஏன் அப்படி சொன்னீங்கன்னு மட்டும் கேக்கணும்னா. சரி, விசாரிக்கறேன்னு சொல்லிட்டு ஆட்டோவுல ஏறிட்டேன்.

லோகுக்கு ஆயுள் போட்டாங்க. தீர்ப்பு ஆனதும் இங்க கொண்டாந்தாங்க. ஒரே ஒரு தபா வந்து எங்கிட்ட பேசினான். தோ, இந்த எடத்துலதான். நான் பேசறதுக்குள்ள, அவன் கட்டிக்கினு இருந்தாம்மான்னான். நீ போயி சித்திகிட்ட நீதான் சொன்னேன்னு சொல்லுன்னான். பச்சையம்மாவ அவன் சித்தின்னுதான் கூப்பிடுவான். அவங்க கண்டவங்களையும் கேட்டுக்கினு திரியறாங்களாம், நீ சொல்லிட்டு வா, அதுவரைக்கும் என்னப் பாக்க வராதன்னான். போயிட்டான்.

கோவத்துல சொல்றான், வயசு விசயத்துல இருக்கற கோவம், போவப் போவ சரியாயிடும்னு நானும் பாக்கறேன். எட்டு மாசம் ஆச்சு. சொன்னா மட்டும் போன உசுரு வந்துடுமா? எவனாச்சும் கேஸு குடுத்து என்னையும் உள்ள வெச்சா இவனுக்கு பிஸ்கட்டு கொண்டார யாரு இருக்காங்க? அவங்கப்பன் தீர்ப்பு ஆனதுலருந்து ஊர்ப்பக்கமே வர்றதில்ல. போன் பண்ணா எடுக்கறதில்ல.

நேத்து போனேன். பொய் சொல்லல, நெசமாவே போனேன். சொல்லிடறதுன்னுதான் போனேன். பச்சையம்மா கொழாயாண்ட நின்னுக்கினு இருந்தா. பாதியா எளைச்சுட்டா. என்னப் பாத்துட்டு, இன்னா, யாருன்னு தெரிஞ்சுதான்னு கேட்டா. அவ கண்ணப் பாத்தேன். ரேஷன்ல பருப்பு போட்டாங்களான்னு கேட்டேன். தெரியாதுன்னா. கொடத்த தூக்கிக்கினு போயிட்டா. நான் அங்கயே கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்துட்டேன்.

இரு, லோகநாதன் மனு யாருன்னு கூப்பிடறாங்க. இந்தப் பையப் புடி, தோ வந்துடறேன்.

வரலயாம். பிஸ்கட்ட வாங்கிக்கினாங்க. காவலர் நல்ல புள்ள, ஒரு தபாக்கு ரெண்டு தபா போயி கேட்டாராம். சொல்லிட்டாங்களான்னு கேளுங்கன்னு சொல்லி அனுப்பிச்சிருக்கான். வேற ஒண்ணும் சொல்லலயாம்.

உன்னக் கூப்பிடறாங்க பாரு, போ. தங்கச்சி, ஒரு நிமிசம். உம் புள்ளையும் அதே பிளாக்குதான? சோறு வாங்கற எடத்துல லோகுவப் பாப்பான். அவங்கிட்ட ஒண்ணு சொல்லச் சொல்லு. உங்கம்மா நேத்து போனாங்களாம், பச்சையம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாங்களாம்னு சொல்லச் சொல்லு. நீ நேர்ல பாத்த மாதிரியே சொல்லு, அப்பத்தான் நம்புவான். சித்தி இன்னா சொன்னாங்கன்னு கேப்பான். கேட்டா, அழுதாங்கன்னு சொல்லச் சொல்லு. ரொம்ப அழுதாங்க, அப்பறம் உங்கம்மாவ உக்காரவெச்சு சோறு போட்டாங்கன்னு சொல்லச் சொல்லு. போ தங்கச்சி, நேரமாவுது.